அங்கிளுக்கு என்ன வேணுமாம்?

போன அக்டோபரில் ஒரு நாள், காலை ஒன்பதரை மணிக்கு, சென்னை மாநகரப் பேருந்து ஒன்றில் அடியேனின் இளமைக்காலம் அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது.

நல்ல கூட்டம். ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். (இன்னொரு கால் யாரோ ஒருவருடைய செருப்பின் மேல் இருந்தது. அவர் ஆட்சேபிக்கவில்லை.) அப்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் சட்டென்று எழுந்து, "அங்கிள், உக்காருங்க" என்றார்.

எனக்குப் பின்னால் யாராவது அங்கிள் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு கம்பிதான் நின்றது.

எனக்கு வயது 37. தலைமுடி இன்னும் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறது. தொப்பை உண்டு, ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். பையன் நேராகத்தான் பார்த்தான். பிறகு எப்படி?

"பரவால்லப்பா, நான் அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிடுவேன்" என்று பொய் சொன்னேன். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டி, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து தர்மபத்தினியிடம் முறையிட்டால், "நல்ல பையன்ங்க. இந்தக் காலத்துல யாரு எழுந்து சீட் குடுக்கறா? ஒரு வாரமா இடுப்பு வலின்னு முனகிட்டுதானே இருக்கீங்க, உக்கார வேண்டியதுதானே?" என்று தீர்ப்பு சொல்லி கேஸை மூடிவிட்டாள். மூடியதோடு நிற்காமல் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

இதற்கு ஏன் இத்தனை கோபம் என்றால், பழைய பாக்கி. இருபத்திரண்டு வயதில், நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு "யோவ் பெருசு... ஓரமாப் போ" என்று கத்திய கோஷ்டியில் நானும் ஒருவன். தமிழில் வயதானவர்களைச் சொல்லப் பெரியவர், மூத்தவர், முதியவர் என்று எத்தனை மரியாதையான வார்த்தைகள்! எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாங்கள் பொறுக்கி எடுத்தது 'பெருசு'. இலக்கணப்படி அது அஃறிணை. மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் நிற்கிற வரிசை. பெருசு வருது. பெருசு இருமுது. பெருசு ஏதோ சொல்லுது. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. (இளசு என்றும் ஒரு வார்த்தை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முருங்கைக்காய் வாங்கும்போது பேசிக்கொள்வோம்.)

சரி, எந்த வயதில் ஒரு மனிதர் பெருசு ஆகிறார்? நான் பி.காம். என்னிடம் கேட்டால் கணக்குத்தான் சொல்லுவேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலனுக்காக 2007-ல் வந்த சட்டத்தைக் கேட்டால் 60 என்கிறது. வருமான வரி இலாகாவும் 60-தான் என்கிறது. ஆனால் 80 ஆகிவிட்டால் 'சூப்பர் சீனியர்' என்று ஏதோ சினிமாப் பட்டம் மாதிரி கொடுக்கிறது. ரயில்வேயில் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 58 என்று வைத்து டிக்கெட்டில் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோடு அதை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்கள் 58-ல் வீட்டுக்குப் போனார்கள். 2020-ல் அது 59 ஆச்சு, 2021-ல் 60 ஆச்சு. அதாவது, 58-ல் மாலை மரியாதையோடு கிழவராக வேண்டிய மனிதர், ஒரு கையெழுத்தில் மறுபடி வாலிபராகி ஃபைல் பார்க்கப் போய்விட்டார். இந்த தேசத்தில் வயதானவர்கள் மேல் கூடுதல் அன்பு வைத்திருப்பது பாங்க்குகள்தான். டெபாசிட்டுக்கு அரை சதவீதம் அதிகம் தருகிறார்கள்.

ஆனால் சர்க்கார் கெஜட் எதிலும் வராத இன்னொரு வயது இருக்கிறது. எதிரே இருக்கிற ஆள் உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பக்கத்தில் நிற்பவரிடம் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற வயது.

அப்பாவை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வயது 75. ஆர்.எம்.எஸ்-ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரிக்கிற வேலை. ஓடுகிற ரயிலில், ராத்திரி முழுக்க, புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகளில் ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போடவேண்டும். பெட்டி ஆடும், கை ஆடக்கூடாது. இவர் வேலைக்குச் சேர்ந்தது 1972. நம் நாட்டில் பின்கோடு வந்ததும் அதே 1972, ஆகஸ்ட் 15. ஆகவே இரண்டுக்கும் ஒரு இரட்டைப்பிறவிப் பாசம். முதல் எண் மண்டலம், இரண்டாவது அதற்குள் ஒரு பிரிவு, மூன்றாவது கடிதம் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்கிற தபால் ஆபீஸ் என்று அவர் விளக்கிக் கேட்காத உறவினர் கிடையாது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சம்பந்தியிடம் சொன்ன முதல் வாக்கியம்: "கும்பகோணம்... 612 001. நல்ல ஆபீஸு." இன்றைக்கும் போன் மணி அடித்தால், "யாருடா, 625-ஆ, 641-ஆ?" என்பார். மதுரை சித்தப்பாவா, கோயமுத்தூர் அத்தையா என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு 80 வயதானால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு தொட்டால் நூறு சதவீதம், அதாவது டபுள். "இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன்னா இருபது பர்சன்ட்டுடா. அதுக்கு மேல மார்க்கெட்ல எந்த ஸ்கீமும் கிடையாது" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லுவார். எப்போதிலிருந்து அதைச் சொல்வதை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

நவம்பர் வந்தது. பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். இந்த உயிர்வாழ் சான்றிதழ், 2014-லிருந்து கைரேகை வைத்தால் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 38 வருஷம் சாக்குப்பை, சணல் கயிறு, அரக்கு என்று புழங்கிய விரல் அப்பாவுடையது. ரேகை முழுவதும் பாரத தேசத்துத் தபாலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டைவிரலை வைத்தார், மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள்காட்டி விரல், ஊஹும். பத்து விரலும் போணியாகவில்லை.

பாங்க்கில் கவுன்ட்டரில் இருந்தது ஒரு சின்னப்பெண். பொறுமைசாலி. 2021-லிருந்து முகத்தைப் படம் பிடித்தும் சான்றிதழ் தரலாம் என்று வழி இருக்கிறதே, அதை முயற்சி பண்ணலாம் என்று போனை எடுத்தாள்.

"சார், அவருக்கு எத்தனை வயசு?" என்றாள், என்னிடம். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறார்.

"75."

"அவருக்குக் காது கேக்குமா சார்?"

"கேக்கும்."

"அப்ப அவரைக் கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க சார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அரை அடி தூரத்தில் நிற்கும், காது நன்றாகக் கேட்கும் அப்பாவிடம் திரும்பி, "அப்பா! கண்ணை! சிமிட்டுங்க! கண்ணை!" என்று கத்தினேன். டெபாசிட் கவுன்ட்டர் வரைக்கும் எல்லோரும் சிமிட்டினார்கள். அப்பாவும் சிமிட்டினார். இன்னும் ஒரு வருஷத்துக்கு உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது சொன்னார்: "அந்தப் பொண்ணு தஞ்சாவூர்ப் பக்கம்டா. பேச்சுலயே தெரியுது. 613-ஆம்மான்னு கேக்கலாம்னு பார்த்தேன். நீ பேசிக்கிட்டு இருந்தே."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் டாக்டர். நல்ல மனிதர், அதனாலேயே கூட்டம். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். "ஐயா எப்படி இருக்கார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நல்லா இருக்கார் டாக்டர். சாப்பாடு ஓகே. தூக்கம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றேன். தூக்கம் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? பதினொரு மணிக்கு நான் என் அறைக்குப் போகும்போது அப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பார். எட்டு மணிக்கு நான் எழுந்து வரும்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒன்பது மணி நேரம். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். கதவிடுக்கில் அடுத்த டோக்கன்காரர் தலையை நீட்டினார். நான் வாட்ச்சைப் பார்த்தேன். அப்பா வாயை மூடிக்கொண்டார். எல்லாம் நாலு நிமிஷத்துக்குள் முடிந்தது.

இதற்குள் என் போன் மண்டையைப் போட்டுவிட்டது. புதுசு வாங்க, அக்கா மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயது 15. பத்தாம் வகுப்பு. நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, காமிரா இத்தனை, பாட்டரி இத்தனை என்று சீட்டில் குறித்துக்கொண்டுதான் போனேன். விற்பனைப் பையன் இருபத்திரண்டு வயது இருப்பான். "தம்பி, நல்ல காமிரா உள்ளதா..." என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அக்கா மகன் பக்கம் திரும்பினான்.

"ப்ரோ, அங்கிளுக்கு என்ன வேணுமாம்?"

வேணுமாம்! அந்த 'ஆம்' என்னைக் குத்தியது போல எதுவும் குத்தியதில்லை. இல்லாத ஆளைப் பற்றிச் சொல்வதற்காக ஏற்பட்ட எழுத்து ஐயா அது. ஊரில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம், ரயில் லேட்டாம், அரிசி விலை ஏறிப்போச்சாம். நான் அங்கேயே நிற்கிறேன். வாய் இருக்கிறது. பணம் என் பையில் இருக்கிறது. எனக்கு வேணுமாம்!

என் பிரதிநிதி யோசிக்கவே இல்லை. "மாமாவுக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் ப்ரோ. வாட்ஸ்அப் பாப்பாரு, பணம் அனுப்புவாரு. எழுத்து பெருசாத் தெரிஞ்சாப் போதும்."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். பையன் முகத்தைப் பார்த்தேன். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மூடின பிறகுதான், இந்த அபிநயத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எழுத்து பெரிதாகத் தெரிகிற போனோடு வீட்டுக்கு வந்துசேரும் வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

பெருசுகள் எல்லாம் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. ஏ.டி.எம்-மில் எனக்கு முன்னால் நின்று, நாலு கார்டை எடுத்து, நாலுக்கும் பாக்கி பார்த்து, சீட்டை மடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பெரியவரைப் பார்த்தால் எனக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது. எங்கள் அப்பாவே விருத்தாசலம் ஸ்டேஷனில் தபால் பை மாறிப்போன கதையைக் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருக்கிறார். நூற்றைம்பதாவது தடவையில் 'அதான் தெரியுமேப்பா' என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் ஐம்பது தடவை மருமகளிடம் சொன்னார். யோசித்துப் பார்த்தால், இந்த நாலைந்து மாதமாக அவளிடமும் சொல்லவில்லை. பை மாறவில்லை, பின்கோடு இல்லை, இருபது பர்சன்ட்டும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. வயசானால் பேச்சு குறையும் என்று நானே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

டிசம்பர் 20. மறுபடி டாக்டர். போன தடவை செய்ததை இந்தத் தடவை செய்யக்கூடாது என்று நான் தீர்மானத்தோடு போனதாக எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. மாதம் பிறந்து இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டக் கடைசி நாள். பத்தி எழுதி வருகிற காசில் பாதி மாதம்தான் ஓடும் என்பதால் நாலு கடைகளுக்குக் கணக்கும் பார்க்கிறேன். அதில் ஒரு கடைக்காரர் சரியாக எங்கள் டோக்கன் கூப்பிட்ட நேரத்தில் போன் பண்ணினார். அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டே நிமிஷம் என்று வாசலுக்குப் போனவன், திரும்பி வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது.

கதவைத் திறந்தால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது அப்பா பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"உள்ளே வாங்க. இந்த நீர் மாத்திரையை ராத்திரி யாரு குடுக்கறது?"

"நான்தான் டாக்டர்."

சீட்டை என் பக்கம் திருப்பினார். ஆகஸ்ட்டில் அவர் எழுதியது. 1-0-0 என்று தெளிவாக இருந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் கிடையாது, ராத்திரி கிடையாது. நான் எழுவது எட்டு மணிக்கு. அதனால் நானே பக்கத்தில் இருந்து கொடுக்கிற சௌகரியத்துக்காக எல்லா மாத்திரையையும் ராத்திரி டப்பாவுக்கு மாற்றிவிட்டிருந்தேன். 1-0-0 என்பதை 0-0-1 ஆக்கிவிட்டேன். எங்கள் காமர்ஸ் பாஷையில் போஸ்டிங் தவறு. அப்பா பாஷையில் ஸார்ட்டிங் தவறு. கடிதம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

"நாலு மாசமா ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை பாத்ரூம் போறார். லைட் போட்டா நீங்க முழிச்சுக்குவீங்கன்னு இருட்டுலயே போறார். போன மாசம் சறுக்கிட்டாராம். குழாயைப் பிடிச்சுக்கிட்டதால தப்பிச்சார். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஆனால் குழாய் தெரியும். நவம்பர் கடைசியில் பாத்ரூம் குழாய் ஆடுகிறதென்று பிளம்பரைக் கூப்பிட்டு 350 ரூபாய் கொடுத்தது நான்தான். போன வருஷம் போட்ட குழாய் எப்படிய்யா அதுக்குள்ள ஆடும் என்று அவரிடம் சண்டை வேறு போட்டேன். அப்பா அப்போது கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீதான் டாக்டர்கிட்ட தூக்கம் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லிட்டியேடா. நீ சொன்னதுக்கு மேல நான் மாத்திச் சொன்னா உனக்கு மரியாதையா இருக்குமா?"

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

டாக்டர் புதுச் சீட்டில் மறுபடி 1-0-0 எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, சீட்டை அப்பாவிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டி அதை ஒரு தடவை படித்துவிட்டு, "டாக்டர், எண்பது வரைக்கும் வண்டி ஓடுமா? இருபது பர்சன்ட் இருக்கு" என்றார். எண்பத்தஞ்சுக்கு எவ்வளவு என்று டாக்டர் கேட்க, முப்பது என்று இவர் சொல்ல, அப்படியென்றால் அதற்கே போய்விடலாமே என்று டாக்டர் சொல்ல, டோக்கன்காரர் வெளியே கனைத்தார்.

கிளம்பும்போது டாக்டருக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கவேண்டும். "உங்களுக்கு ஏதாவது இருக்கா?" என்றார்.

"இடுப்பு வலி டாக்டர். அக்டோபர்லேர்ந்து..."

டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "பையன் எப்படிங்க, ராத்திரி ஒழுங்காத் தூங்கறாரா?"

"அவனா?" என்று அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "நான் எழுந்து போறப்பல்லாம் பாக்கறேனே. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கதவுக்கு அடியில போன் வெளிச்சம் வருது. காலையில எட்டு மணிக்கு எழுந்திருக்கிறான். நடக்கறது கிடையாது. பஸ்ல யாராவது எழுந்து சீட் குடுத்தாலும் உக்கார மாட்டானாம்."

நான் வாயைத் திறந்தேன். கதவிடுக்கில் டோக்கன்காரர் தலையை நீட்டினார்.